கார் குடித்த பெட்ரோல்

போன மாதம் நேஹா போன் செய்தாள். டெல்லி ஓக்லாவில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கார் சர்வீஸ் சென்டரில், கோளாறு கண்டுபிடிக்கும் பிரிவை இப்போது அவள்தான் கவனிக்கிறாள். கீழ்த்தளத்தில் பாதியை மின்சாரக் கார்களுக்கு ஒதுக்கிவிட்டார்களாம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பெட்ரோல் கார் கதை எதையாவது சொல்லலாம் என்று, மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் 'பெயின்ட் போல்ட்' கதையை எடுத்திருக்கிறாள்.

"மேடம்ஜி, டிரைவரை ஜெயிலில் போட்டாரே அந்த மந்திரி, அவர் பேர் என்ன?" என்று என்னிடம் கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதில் மந்திரியே கிடையாது, ஜெயிலும் கிடையாது. அவள் கேள்விப்பட்ட கதையில், அந்தப் பிரிவில் எனக்கு மேலே இருந்த சான்யால் சார் புகைக்குழாயில் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்து ஒரே நிமிடத்தில் கோளாறைச் சொல்லிவிடுகிறார். சான்யால் சாருக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம். அவர் மூக்கு எதற்கும் உதவாது. எதிரே உட்கார்ந்து நான் பூண்டு ஊறுகாய் சாப்பிட்டாலே அவருக்குத் தெரியாது.

"உங்களுக்கு ஞாபகம் இருக்கிற மாதிரி எழுதிக் கொடுங்களேன்" என்றாள் நேஹா. சரி என்று உட்கார்ந்தேன். வந்தது தமிழில்தான். அந்தக் கதையில் முக்கால்வாசி இந்தியில் நடந்தது. ஒர்க்ஷாப்பில் எல்லாருக்கும் தெரிந்தது அந்த முக்கால்வாசி மட்டும்தான். மிச்சம் தமிழில் நடந்தது, என்னைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது. நேஹாவுக்குப் பிறகு வாயால் சொல்லிக்கொள்கிறேன்.

என் அப்பா மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. கிட்வாய் நகரில் அரசுக் குடியிருப்பு. வீட்டில் திருநெல்வேலித் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி. புசா ரோடில் தமிழ்ப் பள்ளிக்கூடம், அப்புறம் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ். படிப்பு முடிந்ததும் வானொலி, தொலைக்காட்சி என்று எதிலாவது போய்ச் சேருவேன் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தது கார் சர்வீஸ் சென்டரில் முன்மேசை வேலை. வாடிக்கையாளர் வந்து சொல்வதைக் கேட்டு, எழுதி, உள்ளே அனுப்ப வேண்டும். பெண் என்பதால் முன்மேசை. எலக்ட்ரானிக்ஸ் படித்திருந்ததால் சான்யால் சார் என்னை அங்கேயே இருக்க விடவில்லை. கார்களில் கம்ப்யூட்டர் வரத் தொடங்கியிருந்த காலம் அது. கொஞ்ச நாளில் முன்மேசையில் பாதி, உள்ளே அவர் பக்கத்தில் பாதி என்று ஆகிவிட்டது.

சான்யால் சார் வங்காளத்துக்காரர். அவர் இந்தியில் ஆண்பால், பெண்பால் எல்லாம் தலைகீழாக வரும். மெக்கானிக்குகள் முதுகுக்குப் பின்னால் அதைப் பேசிக்காட்டிச் சிரிப்பார்கள். ஆனால் அவர் பேசும்போது கூடத்தில் சத்தம் அடங்கிவிடும், ஏனென்றால் அவர் குரல் அவ்வளவு மெலிசு. பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் கைக்குட்டையை நான்காக மடித்து மட்கார்டின் மேல் வைப்பார். அதன் மேல்தான் கையை ஊன்றுவார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் நிற்பார். அப்போது யாராவது ஸ்பேனரை எடுத்தால், "ருகோ பாபா, பொறு, இன்னும் வண்டி பேசவே இல்லையே" என்பார்.

புகார் எழுதுவதில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. உதிரிப்பாகத்தின் பெயரை எழுதக் கூடாது. 'ஏர்ஃப்ளோ சென்சார் போய்விட்டது' என்று ஒருமுறை எழுதிக்கொண்டு போனேன். வாடிக்கையாளர் அப்படித்தான் சொன்னார் என்றேன்.

"அவர் டாக்டரிடம் போய் 'எனக்கு ஈரல் போய்விட்டது' என்று சொல்வாரா? எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று கேள். அதை அவர் வார்த்தையில் எழுது."

திரும்பப் போய்க் கேட்டேன். மேடு ஏறும்போது வண்டி பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது மாதிரி இருக்கிறது என்றார் அந்த மனிதர். அதை அப்படியே எழுதினேன். அடைத்துப்போன காற்று வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்ததோடு அந்தக் கார் வீட்டுக்குப் போனது.

அந்த சென்சாரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை புரியாது. காற்று வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு குழாய் இருக்கும். அதற்குள் தலைமுடி கனத்தில் ஒரு கம்பி. மின்சாரம் அதைச் சூடாக வைத்திருக்கும், உள்ளே போகும் காற்று அதைக் குளிரவைக்கும். எந்த அளவு குளிர்கிறது என்பதைக் கொண்டு, இவ்வளவு காற்று போகிறது என்று கம்ப்யூட்டருக்குச் செய்தி போகும். கம்ப்யூட்டர் அதற்கேற்ற பெட்ரோலை ஊற்றும். சென்சார் குறைத்துச் சொன்னால் வண்டி திணறும். கூட்டிச் சொன்னால் வேண்டாத பெட்ரோலையெல்லாம் ஊற்றும், எஞ்சின் நடுங்கும், புகை கறுக்கும். அவ்வளவுதான் விஷயம். ராஜிந்தர் என்ற எங்கள் மெக்கானிக், நல்ல கைக்காரன், ஒருநாள் அந்தக் கம்பியைத் துணியால் துடைத்து அறுத்துவிட்டான். சான்யால் சார் திட்டவில்லை. "இதைத் தொடக் கூடாது, ஊதக் கூடாது. ஸ்ப்ரே அடி, காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு நில்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு முழுவதும் ராஜிந்தர் எந்தக் காருக்குப் போனாலும் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அந்த மாதிரி நாட்கள். கூடத்தில் பெரிய கூலர் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். மத்தியானம் என் தயிர்சாதத்தில் பாதி சான்யால் சாருக்குப் போகும், அவர் வீட்டு இனிப்புத் தயிர் எனக்கு வரும். இப்போது நினைத்தால், பிறந்த வீட்டில் இருந்ததைவிட அந்தக் கூடத்தில் நிம்மதியாக இருந்தேனோ என்று தோன்றுகிறது.

பாராபுல்லா மேம்பாலம் வருவதற்கு முந்தைய ஒரு கோடையில், மல்ஹோத்ரா சாஹபின் கார் வந்தது. சாஹப் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஜங்புரா எக்ஸ்டென்ஷனில் சொந்த வீடு. கார் வாங்கிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. ஓட்டி வந்தவர் அவருடைய டிரைவர். நாற்பது வயதிருக்கும், ஒல்லியானவர், சட்டையை அழுத்தமாக இஸ்திரி போட்டிருந்தார். சாஹப் கழிப்பறைக்குப் போன நேரத்தில், என் மேசையில் இருந்த பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கோமதின்னு போட்டிருக்கு. தமிழுங்களா மேடம்?"

"ஆமாண்ணே. வண்டிக்கு என்ன செய்யுதுன்னு நீங்க சொல்லுங்க, நான் எழுதுதேன்."

"எழுதுதேன்றீங்க. திருநெல்வேலிங்களா?" சிரித்தார். "நான் செல்வராஜ். விழுப்புரம் பக்கம். மேடம், சாயங்காலம் சாபை கிளப்புக்குக் கூட்டிக்கிட்டுப் போவேன். ஏசி ஓடும், லைட்டு போட்டிருப்பேன். சிக்னல்ல நின்னா வண்டி நடுநடுங்குது. பெட்ரோல் வாசனை குப்புனு அடிக்குது. ஏசியை அணைச்சா அடங்கிடுது. நான் ஊர்ல தீமிதிக்குப் போயிட்டு வந்ததுலருந்து இப்படித்தான் இருக்கு. வெளியில ஒரு கடையில சென்சாரைக்கூட மாத்திட்டாங்க. ஒண்ணும் கேக்கல."

அவர் சொன்னதை எழுதி முடிப்பதற்குள் சாஹப் வந்துவிட்டார்.

"இவன் சொல்வதை எழுத வேண்டாம்" என்றார் ஆங்கிலத்தில். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "முன்பு ஓடியதில் பாதி தூரம்தான் இப்போது ஓடுகிறது. சென்சார் புதுசு. டாங்க் ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகாவிட்டால், வண்டியில் கோளாறு இல்லை என்று உங்கள் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுங்கள். எனக்கு அது போதும்."

செல்வராஜுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் புரிந்துவிட்டது. பார்வையைத் தரையிலிருந்து எடுக்கவே இல்லை.

மறுநாள் காலையில் ராஜிந்தர் காரைப் பார்த்தான். டாங்க், குழாய்கள், புகை எல்லாம் பார்த்தான். எஞ்சின் பூனை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கேனரை மாட்டினால், காற்றின் அளவு புத்தகத்தில் போட்டபடியே இருந்தது. பழைய பதிவில் மட்டும் ஏர்ஃப்ளோ சென்சாரைக் குறிக்கும் கோளாறு எண் ஒன்று இருந்தது. அது சென்சாரை மாற்றுவதற்கு முன்னால் வந்ததாக இருக்கலாம்.

மத்தியானம் சாஹப் போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"டிரைவரை நேற்று சாயங்காலமே அனுப்பிவிட்டேன். எங்கள் தெருத் திருப்பத்தில் எல்லா டிரைவர்களும் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் எதிரிலேயே சொல்லிவிட்டேன், பெட்ரோல் திருடன் எனக்கு வேண்டாம் என்று. உங்கள் கடிதம் வந்தால் போலீசிலும் கொடுப்பேன். எத்தனை நாளாக நடக்கிறதோ."

ஜெனரல் மேனேஜர் எங்கள் கூடத்துக்கு இறங்கி வருவதே அபூர்வம். அன்றைக்கு வந்தார். "இரண்டு வரிதானே சான்யால், எழுதிக் கொடுத்துவிடு. பெரிய மனுஷர்" என்றார்.

சான்யால் சார் கைக்குட்டையை மடித்துக்கொண்டே சொன்னார்: "எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வேண்டுமானால் எழுதுகிறேன் சார். கோளாறு இல்லை என்று எழுத முடியாது. இரண்டும் ஒன்றல்ல."

"நாளைக்குள் ஏதாவது ஒன்றைச் சொல்" என்று மேனேஜர் போய்விட்டார்.

சான்யால் சார் என்னைக் கூப்பிட்டார். "டிரைவர் என்ன சொன்னார் என்று எழுதியிருக்கிறாய், படி."

சாஹப் வேண்டாம் என்று சொல்லியும் நான் அதை அடிக்காமல் விட்டிருந்தேன். இந்தியில் மாற்றிப் படித்தேன். சாயங்காலம். ஏசி. லைட். சிக்னலில் நிற்கும்போது. ஏசியை அணைத்தால் அடங்குகிறது.

"ராஜிந்தர் எப்போது பார்த்தான்?"

"காலையில் சார்."

"ஏசி?"

ராஜிந்தர் தலையைச் சொறிந்தான். எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்காக மெக்கானிக்குகள் முதலில் அணைப்பதே ஏசியைத்தான்.

"அப்படியானால் நாம் இந்த வண்டியை இன்னும் பார்க்கவே இல்லை" என்றார் சான்யால் சார். "வாருங்கள், சாயங்காலமாக்குவோம்."

ஏசியை முழு வேகத்தில் வைத்தோம். முன் விளக்குகளைப் போட்டோம். ரேடியேட்டர் விசிறி சுழலும்வரை காத்திருந்தோம். அது சுழலத் தொடங்கியதும் கார் நடுங்கியது. ஸ்டியரிங்கில் வைத்திருந்த என் கை சேர்ந்து நடுங்கியது. பின்னால் கருப்பாகப் புகை. ஸ்கேனரில் காற்றின் அளவு தானாக ஏறிக்கொண்டே போனது. நான் ஆக்சிலரேட்டரைத் தொடவே இல்லை. போகாத காற்றைப் போவதாக யாரோ கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. சான்யால் சார் மட்டும் அவசரப்படவில்லை. அவருக்கென்று ஒரு வரிசை உண்டு. காற்று எந்த வழியாக வருகிறதோ அந்த வழியாகவே நாமும் போக வேண்டும். முதலில் வடிகட்டிப் பெட்டி: மூடி சரியாக உட்கார்ந்திருந்தது. அடுத்து ரப்பர் குழாய்: வளைத்து வளைத்துப் பார்த்தார், வெடிப்பு இல்லை. அடுத்து சென்சார். அதன் இணைப்பை உருவச் சொன்னார். உருவினேன். சென்சார் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் தன் மனக்கணக்கில் பெட்ரோல் ஊற்றும். நடுக்கம் நின்றுவிட்டது.

"ஆக, பொய் இந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது" என்றார். "ஆனால் சென்சார் புதுசு. புதுசு பொய் சொன்னால், அதைச் சொல்ல வைப்பது யார்?"

இணைப்பைத் திரும்ப மாட்டி, மீட்டரை என் கையில் கொடுத்தார். ஒரு முனையை பேட்டரியின் எர்த்தில் வைத்தேன், இன்னொரு முனையை சென்சாரின் எர்த் ஒயரில். இரண்டுமே எர்த் என்பதால் நடுவே ஒன்றும் இருக்கக் கூடாது. விளக்கும் விசிறியும் அணைந்திருந்தபோது மீட்டர் கிட்டத்தட்டப் பூஜ்யத்தில் நின்றது. விசிறி சுழன்றதும் முள் எழுந்தது. விளக்கைப் போட்டதும் இன்னும் எழுந்தது. சென்சார் நிற்கும் தரையே மேலே ஏறினால், அது சொல்லும் அளவும் கூடத்தானே ஏறும்.

அந்த ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். இடது முன்மூலையில், ஹெட்லைட்டுக்குப் பின்னால், விசிறியின் எர்த்தும் விளக்கின் எர்த்தும் இதுவும் சேர்ந்து ஒரே போல்ட்டில் முடிந்தன. டார்ச் அடித்தேன். போல்ட் பளபளவென்று வெள்ளையாக இருந்தது. காரின் நிறம்.

"சார், போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் இருக்கிறது."

சான்யால் சார் குனிந்து பார்த்தார். போல்ட்டைக் கழற்றினோம். ஒயர் முனை உட்காரும் தகட்டில் பெயின்ட் வழவழவென்று படர்ந்திருந்தது. போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் மின்சாரம் தப்பித் தவறிப் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கம்பெனியில் எந்தக் காருக்கும் அங்கே பெயின்ட் அடிக்க மாட்டார்கள். யாரோ அந்த மூலையில் நசுங்கலை நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, காயும் முன்பே ஒயரை மாட்டியிருக்கிறார்கள்.

நகத்தால் சுரண்டினேன். சுருண்டு வந்தது. பழைய பெயின்ட் அப்படி வராது.

தகட்டில் பாதியை மட்டும் எமரித் தாளால் தேய்த்து இரும்பு தெரிய வைத்து, போல்ட்டை முறுக்கினோம். ஏசி, விளக்கு, விசிறி எல்லாம் போட்டோம். மீட்டர் அசையவில்லை. எஞ்சினும் அசையவில்லை. மற்றப் பாதியைத் தேய்க்க நான் தாளை எடுத்தபோது சான்யால் சார் தடுத்தார். "அது இருக்கட்டும். முதலில் அவர் பார்க்கட்டும்."

சாயங்காலம் சாஹப் வந்தார். முதலில் நம்பவில்லை. போல்ட்டைத் தளர்த்திக் காட்டினோம், கார் நடுங்கியது. முறுக்கிக் காட்டினோம், நின்றது. அப்புறம் பெயின்ட்டைக் காட்டினோம்.

"இந்தக் கார் எங்கேயும் இடித்ததே இல்லை" என்றார்.

"பெயின்ட் புதுசு சார்" என்றார் சான்யால் சார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. யார், எப்போது என்று எதுவும் கேட்கவில்லை. சாஹப் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காரை அங்கேயே விட்டுவிட்டு டாக்சியில் போய்விட்டார்.

மறுநாள் காலையில் என் மேசைக்கு ஒரு போன். இளைஞனின் குரல். சாஹபின் மகன் ரோஹித்.

"அந்த போல்ட்டை அப்பாவுக்குக் காட்டினீர்களா?"

"காட்டினோம்."

"டிரைவர் ஊருக்குப் போயிருந்தபோது நான் எடுத்து ஓட்டினேன். தூணில் இடித்துவிட்டேன். நண்பனுக்குத் தெரிந்த கடையில் சரி செய்தோம். இப்படியெல்லாம் ஆகும் என்று எனக்குத் தெரியாது மேடம். ராத்திரி அப்பாவிடம் சொல்லிவிட்டேன்." அவன் அழுகிறானோ என்று சந்தேகமாக இருந்தது. எனக்கு அவன்மேல் வந்த கோபம் பாதியாகிவிட்டது. எவ்வளவு பெரிய வீடானாலும் அப்பாவிடம் சொல்வது அப்படி ஒன்றும் எளிதல்ல.

அன்றே சாஹபும் வந்தார். ஒரே ராத்திரியில் இளைத்த மாதிரி இருந்தார். "வண்டி தயாரா?" என்று கேட்டார்.

"இல்லை சார்" என்றார் சான்யால் சார். "ரோடு டெஸ்ட் பாக்கி. புகார் சொன்னவர் ஓட்டிப் பார்த்து, சரியாகிவிட்டது என்று சொல்ல வேண்டும். அதுவரை வண்டியை வெளியே விடுவதில்லை. இங்கே அதுதான் விதி."

"நானே ஓட்டிப் பார்க்கிறேன்."

"புகார் சொன்னவர் அவர் சார்."

அப்படி ஒரு விதி எங்கள் ஒர்க்ஷாப்பில் கிடையாது. சான்யால் சார் பொய் சொல்லி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ராஜிந்தர் சட்டென்று திரும்பி, ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரை மறுபடி துடைக்க ஆரம்பித்தான்.

சாஹப் வெகுநேரம் யோசித்தார். "அவன் வீடு எனக்குத் தெரியாது. மதராசி கேம்ப் என்று சொல்வான்" என்றார். எத்தனையோ வருஷம் தன்னை ஏற்றிக்கொண்டு போனவர்.

"நான் போய்க் கூட்டிவருகிறேன்" என்றேன்.

ஜங்புராவில் சாக்கடை ஓரமாக இருந்த அந்தக் குடிசைப் பகுதியை பஸ்ஸிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உள்ளே போனது அதுதான் முதல் தடவை. தண்ணீர் லாரி வந்திருந்த நேரம். கேன்களுக்கு நடுவே, ஊரில்கூடக் கேட்காத அளவு தமிழ் ஒரே இரைச்சலாக இருந்தது. செல்வராஜ் என்றதும் ஒரு அம்மாள் கையைக் காட்டிவிட்டு, நான் யார், எதற்கு வந்தேன் என்று விசாரித்தபடியே கூட வந்தாள். அந்தக் கேம்ப் இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். அந்தச் செய்தியைப் பார்த்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது நீலத் தார்ப்பாய் கட்டிய அந்த வாசல்தான். செல்வராஜ் குடும்பம் அதற்கு முன்பே ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்வி. நிச்சயமாகத் தெரியாது.

வாசலில் அவர் மனைவி கஸ்தூரி நின்றிருந்தார். என் சுடிதாரையும் கைப்பையையும் பார்த்தார்.

"போலீஸ்லருந்து வரீங்களா?"

"இல்லம்மா, கார் ஒர்க்ஷாப்லருந்து வாரேன்."

"நான் வேலை செய்யிற ரெண்டு வீட்ல இனிமே வராதன்னுட்டாங்க. புருஷன் திருடன்னா பொண்டாட்டி மட்டும் என்னவாம், அப்படின்னு. இப்ப நீங்க எதுக்கு வந்தீங்க?"

உள்ளேயிருந்து செல்வராஜ் வந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எர்த் ஒயர், போல்ட், பெயின்ட், ரோஹித். வேகமாகச் சொன்னேன். கேட்டவுடன் அவர் முகம் மலர்ந்துவிடும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. "பெட்ரோலை நீங்க எடுக்கலன்னு தெரிஞ்சிட்டுண்ணே" என்று முடித்தேன்.

"நான் எடுக்கலன்னு எனக்கு முன்னாடியே தெரியும் மேடம்" என்றார். "உங்களுக்குத்தான் இப்ப தெரிஞ்சிருக்கு."

கஸ்தூரி ஒரு முக்காலியை எடுத்து வாசலில் போட்டு, "உக்காருங்கக்கா" என்றார்.

ரோடு டெஸ்ட்டைப் பற்றிச் சொன்னேன். செல்வராஜ் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் காரைத் தொடவே பிடிக்கவில்லை என்றார். கஸ்தூரிதான், "போய் ஓட்டிட்டு வா. ஓட்டாம இங்க உக்காந்திருந்தா யாருக்குத் தெரியும்?" என்றார். செல்வராஜ் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். அதே இஸ்திரி.

"ஓட்டறேன் மேடம். ஆனா எந்த வழியில போறதுன்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."

ஒர்க்ஷாப்பில் செல்வராஜும் சாஹபும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சான்யால் சார் சாவியை இரண்டு கையாலும் எடுத்துச் செல்வராஜிடம் கொடுத்தார். சான்யால் சார் முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் சாஹப், பக்கத்தில் நான். வெளியே லூ என்ற அனல்காற்று வீசிக்கொண்டிருந்தது. ஏசி முழு வேகத்தில். பட்டப்பகலில் விளக்கும் எரிந்தது. எதிரே வந்தவர்களெல்லாம் விளக்கு எரிகிறது என்று கையைக் காட்டிக்கொண்டே போனார்கள்.

ஆசிரமம் சிக்னலில் நின்றோம். கார் நடுங்கவில்லை. போகல் சிக்னலிலும் நடுங்கவில்லை. அங்கிருந்து திரும்பி ஒர்க்ஷாப் வழியில் போகாமல், ஜங்புரா எக்ஸ்டென்ஷனுக்குள் நுழைந்தார் செல்வராஜ். சாஹபின் வீட்டுக்கு முந்தின திருப்பத்தில் ஒரு வேப்பமரம். அடியில் இஸ்திரிக்காரரின் மேசை. சுற்றிலும் அந்தத் தெருவின் டிரைவர்கள், காவல்காரர் எல்லாரும் மத்தியான வெயிலுக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். காரை அவர்கள் எதிரில் நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை.

"சாப், யஹி ஜகா தா" என்றார். இந்த இடம்தான். வேறு எதுவும் சொல்லவில்லை. கைகள் ஸ்டியரிங்கில் இருந்தன.

ஏசி சத்தம் மட்டும் கேட்டது. சான்யால் சார் நேராகக் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சாஹப் இறங்கமாட்டார் என்றே நினைத்தேன். எனக்கே அந்த நேரம் தாங்க முடியவில்லை. நான் ஏதாவது சொல்லிப் பேச்சை மாற்றிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

சாஹப் கதவைத் திறந்து இறங்கினார். டிரைவர்கள் எழுந்து நின்றார்கள்.

"செல்வராஜ் பெட்ரோல் எடுக்கவில்லை" என்றார் இந்தியில். குரல் உயரவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "வண்டியில்தான் கோளாறு. அதுவும் என் வீட்டில் நடந்த தவறால் வந்தது. நான் அன்றைக்கு இங்கே சொன்னது தப்பு."

இஸ்திரிக்காரர் மட்டும் தலையை ஆட்டினார். சொல்லி முடித்த பிறகு சாஹபுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. செல்வராஜ் இறங்கி வந்து, பழக்கத்தில், அவருக்காகப் பின்கதவைத் திறந்து பிடித்தார். சாஹப் ஏறிக்கொண்டார்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் சாஹப் கேட்டார்: "நாளையிலிருந்து வருகிறாயா?"

"இல்லை சாப். ஸ்கூல் வேன் ஒன்று கிடைத்திருக்கிறது." சாவியை அவர் கையில் கொடுத்தார். அந்த வேன் உண்மைதானா என்று நான் பிறகும் கேட்கவில்லை.

சான்யால் சார் விடவில்லை. "வண்டி எப்படி இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லையே" என்றார் செல்வராஜிடம்.

"டீக் ஹை சாப். ஏக்தம் சாஃப்." சரியாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்றார்.

"அப்படியானால் வேலை முடிந்தது" என்றார் சான்யால் சார்.

கார் சாஹபிடம் போய்விட்டதால் நாங்கள் மூவரும் ஒரே ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு திரும்பினோம். போகல் கடைத்தெரு வந்ததும் செல்வராஜ் என் பக்கம் குனிந்தார்.

"மேடம், அந்த எஸ்டிடி பூத்துல கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. இங்க நடந்தது ஊர்ல எங்கம்மா காதுக்கும் போயிடுச்சு. சாப்பிடாம கெடக்குதாம்."

ஆட்டோவை நிறுத்தினோம். அவர் கண்ணாடிக் கூண்டுக்குள் போனார். கதவு சரியாக மூடவில்லை, பேச்சு வெளியே கேட்டது. ஊரில் யாரோ ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவரும்வரை ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். அதுவரை அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. "அம்மா" என்று சொன்ன பிறகுதான் உடைந்தது. கொஞ்ச நேரம் நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். பேசினார், பேசினார், நிறுத்தவே இல்லை.

வெயிலில் நின்ற சான்யால் சார் என்னைக் கேட்டார்: "என்ன சொல்கிறார்?"

"காரில் எங்கே கோளாறு என்று அம்மாவுக்கு விளக்குகிறார் சார்."

"சரியாகச் சொல்கிறாரா?"

நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். "சரியாகத்தான் சொல்கிறார். காற்று, கம்பி, எர்த் ஒயர் எல்லாம் வந்துவிட்டது."

"பெயின்ட்?"

கூண்டுக்குள் செல்வராஜ் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கை நகத்தால் இன்னொரு கை நகத்தைச் சுரண்டிக் காட்டிக்கொண்டிருந்தார், விழுப்புரத்தில் இருந்த அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருப்பது போல.